திங்கட்கிழமைக் காய்ச்சலும் குடிகாரப் பட்டமும்

வாயை மோந்துகூடப் பார்க்காமல் ஒரு மனிதனைக் குடிகாரன் என்று எழுதிக்கொடுக்கும் டாக்டரை நீங்கள் பார்த்ததுண்டா? தேனிக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

சுருளி ஆண்டிபட்டிக்காரர். மானாவாரி நிலம் கைவிட்டதும் தேனிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தார். பொதியை உடைத்துப் பஞ்சை இயந்திரத்தில் போடும் வேலை. எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூசி. அண்ணனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர் என்பதால் சாராயக் கடை இருக்கும் தெருவிலேயே நடக்கமாட்டார்.

திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் அவருக்கு நெஞ்சு இறுகும். குளிரும், கண் சிவக்கும், கால் தள்ளாடும். செவ்வாய்க்கிழமை குறையும். சனிக்கிழமை பாடிக்கொண்டே பொதி உடைப்பார்.

"ஏலே சுருளி, ஞாயித்துக்கிழமை ஊத்துனது இன்னும் எறங்கலயா?" என்பார் மேஸ்திரி சண்முகராஜ்.

போன மாதம் இயந்திரம் பழுதாகி ஆலை மூன்று நாள் மூடிக்கிடந்தது. வியாழக்கிழமை திறந்தார்கள். அன்றைக்கே சுருளி நடுங்கி விழுந்தார். சோறு கொண்டுவந்த மனைவி பூமாரி மேஸ்திரியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்:

"மூடிக்கெடந்த மூணு நாளும் மனுசன் நல்லாத்தான இருந்தாக! ஒங்க வாசல மிதிச்ச பொறகுதான விழுந்தாக!"

"அப்ப எங்க வாசல்லயா ஆத்தா சாராயம் ஊத்துறாக?" மேஸ்திரி சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

"தூசிய ஊத்துறீகளே, அது போதாதா?"

சிரிப்பு நின்றது. சுருளியின் வேலையும் நின்றது. ஆலை டாக்டர் தூரத்தில் நின்றபடியே 'குடிபோதை' என்று எழுதினார். விசாரணை முடியும்வரை சுருளியை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு.

பூமாரி சொன்னதைத்தான் விஞ்ஞானமும் சொல்கிறது. பஞ்சுத் தூசியில் நுண்ணுயிர்களின் நஞ்சு ஒட்டியிருக்கிறது. நுரையீரலில் காவலிருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கியதும் சில புரதங்களை வெளியே விடுகின்றன. அவை செய்தி கொண்டுபோகும் புரதங்கள். மற்ற வெள்ளணுக்களைக் கூப்பிட்டு வீக்கம் உண்டாக்குகின்றன; மூளைவரை போய் உடம்பைச் சுட வைக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு இன்டர்லூக்கின் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அதே நஞ்சு தினமும் வந்தால் வெள்ளணுக்கள் தாமே அந்தச் செய்தியைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால்தான் வாரக் கடைசியில் காய்ச்சல் இல்லை. ஓய்வு கிடைத்ததும் அந்தக் கட்டுப்பாடு விட்டுப்போகிறது. மறுபடி தூசி பட்டால் அந்தப் புரதங்கள் முழு வேகத்தில் கிளம்புகின்றன. கிழமை என்னவாக இருந்தால் என்ன? காய்ச்சல் நின்றாலும் நுரையீரல் கெடுவது நிற்பதில்லை. தூசியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி வைக்க மனமில்லாத முதலாளி, தொழிலாளியின் ரத்தம் எழுப்பும் கூச்சலுக்குப் போதை என்று பெயர் வைக்கிறார். வெட்கம் கெட்ட வேலை!

வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலை அலுவலகத்தில் விசாரணை. சுருளி பக்கம் பேச இதுவரை ஒரு ஆளும் இல்லை. பொதி உடைக்கும் அறையில் வேலை பார்ப்பவர்களே, லீவு முடிந்து வரும் நாளில் உங்களுக்கும் நெஞ்சு அடைக்கிறதே, அதை உள்ளே வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். ஊர்க்காரர்களே, அவர்கள் பயப்படாமல் உள்ளே போக, நீங்கள் வாசலில் வந்து நில்லுங்கள்.