கருங்கல் கடையில் பதிந்த பாட்டு

தக்கலை பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்ற பையனின் போனில் அந்தப் பாட்டு ஓடியது. அதே கிதார், அதே முரட்டுக் குரல். ஆனால் தலைதெறிக்கிற வேகம்.

சுனாமிக்கு மறுவருடம் நான் பத்தாவது படித்தேன். மஸ்கட் மாமா ஓர் ஆங்கிலப் பங்க் ராக் குழுவின் முதல் இரண்டு கேசட்டுகளைக் கொண்டுவந்தார். மூன்றாவதைக் கருங்கல் ஊரில் ஒரு கடையில் பதிந்து வாங்கினோம். முதல் இரண்டும் ஒரே வேகம்; இது மெதுவாக, கனமாக இருந்தது. அன்றைக்கே வீட்டில் சண்டை.

"கல்யாணம் கழிஞ்ச பயலுவ பாட்டு மாதிரி இருக்கு. இதோட முடிஞ்சானுவ," என்றான் அண்ணன் ஜெபின். அவன் சேக்காளிகளும் தலையாட்டினார்கள்.

"கத்துனாத்தான் கோவமா? மெதுவா பாடுகவனுக்குத்தான் உள்ளபடியே கோவம்," என்றேன்.

அடுக்களையில் மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப்பார்த்தாள். "இதுலதான் அவன் பாடுகான்னு மனசிலாவுது. செபமாலைக்கு நேரமாச்சு, நிறுத்துங்க."

அம்மாவும் என் கட்சி என்பதே எனக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே ஜெபின் கேலி செய்தான். நான் அசையவில்லை.

இப்போதுதான் விளங்கியது. கடைக்காரரின் மிஷின் பதியும்போதே வேகம் பிசகியிருக்கிறது. அந்தக் குழு அப்படிப் பாடவே இல்லை.

துபாயிலிருக்கும் ஜெபினை அழைத்து, பையனின் போன் பக்கம் என் போனை நீட்டினேன். பாட்டு முடியும்வரை கேட்டான்.

"ஏட்டி, இதுவும் வேகந்தானா. அப்ப நல்ல ஆல்பந்தான். நீ ஜெயிச்சுட்ட."

"இது குப்பை. கருங்கல் கடையில பதிஞ்சதுதான் பாட்டு. அந்தப் பாட்டுக்காரனுவள அதக் கேட்டுப் பாடப் படிக்கச் சொல்லு."