வெயிலில் காய வைத்த பற்றரி

ஜேர்மனியின் ஹம் நகர ரயில் மேடையில், தரையில் மஞ்சள் கோட்டால் ஒரு சதுரம் கீறியிருக்கிறார்கள். புகைப்பவர்கள் அதற்குள்ளேதான் நிற்க வேண்டும். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. புகை தன்பாட்டில் கோட்டைத் தாண்டிப் போகும், மனிதர்கள் தாண்டமாட்டார்கள். மழையிலும் குடை பிடித்தபடி உள்ளே நின்று இழுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். பிறகு என் கணவரும் அந்தச் சதுரத்தில் நிரந்தரக் குடியாகிவிட்டார், என் சிரிப்பும் நின்றுபோனது.

போன மாரியில் இவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் இதயக் குழாயடைப்பை எடுத்துவிட்ட டாக்டர், சிகரெட்டை விடாவிட்டால் அடுத்த முறை பிழைப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர் நிக்கொட்டின் பிளாஸ்டர் ஒட்டினார், நிக்கொட்டின் சுவிங்கம் சப்பினார், கிழமை முடிய முன்னமே சதுரத்துக்குத் திரும்பினார்.

"கை சும்மா இருக்குதில்லையப்பா, நான் என்ன செய்ய?" என்றார்.

நான் ஒரு சிறிய தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் வைக்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் பிர்கிட் சிகரெட்டை விட்டு வேப் என்ற மின்சிகரெட்டுக்கு மாறியவள். அதையும் கடையில் வாங்காமல், மரப்பெட்டிக்குள் பற்றரியும் போர்டும் பூட்டித் தானே செய்பவள். எனக்கும் காட்டித் தா என்று கேட்டேன்.

"உனக்கா?" என்று கண்ணை விரித்தாள்.

"என் மனுசனுக்கு."

"ஏன், அவருக்குக் கை இல்லையா?"

"கைதான் பிரச்சினையே" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள், விரல் வலுவில்லாதவர்களும் அழுத்தக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவ்வளவு அன்போடு நீட்டியதை மறுக்க மனம் வரவில்லை. அந்தப் பொத்தானையே பூட்டினேன். டாக்டரிடமும் கேட்டேன். இதுவும் நல்லதில்லை, ஆனால் சிகரெட்டிலும் பார்க்கக் குறைந்த கெடுதல், பிறகு இதையும் விட வேண்டும் என்றார்.

இத்தனை வருடம் ஈயம் வைத்தும் ஒரு போர்டு கண் விழிப்பதை நான் பார்த்ததில்லை. எங்கள் கையை விட்டுப் போனால் அவை எந்த இயந்திரத்துக்குள் போகின்றன என்றே தெரியாது. வேப்புக்குள் வைத்த இந்தப் போர்டு பாதித் தீப்பெட்டி அளவுதான். எல்லாம் பூட்டி முதல் தடவை பொத்தானை அழுத்தினேன். சின்னத் திரை வெளிச்சமானது. ஆவியெழுப்பும் சுருள் கம்பி சூடாகவில்லை. எங்கோ மயிரிழை போன்ற ஒரு கம்பி நுனி மற்றதில் முட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் மின்சாரம் தரமாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. பெட்டி கொஞ்சம்கூடச் சுடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அறிந்த மின்சாரம் யாரையும் கேட்டு வந்ததில்லை. வருடக்கணக்காக இல்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று வந்து, அயல் வீட்டுத் தொலைக்காட்சியை எரித்துவிட்டுப் போனது. இதுவோ முதலில் கம்பியை அளக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறது, பிறகு அவ்வளவுதான் கொடுக்கிறது. இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு பொறுப்பா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முட்டிய கம்பியை விலக்கிச் சரிசெய்து கொடுத்தேன், இவர் அதைப் பிடித்துக்கொண்டார். கோடை வந்தும் சிகரெட்டின் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம், பல்கனியில் காயப் போட்ட மிளகாயை அள்ளப் போனேன். மிளகாய்க்கு நடுவே, சுள்ளென்ற வெயிலில், இரண்டு லித்தியம் பற்றரிகள் வரிசையாகக் கிடந்தன.

"என்னப்பா இது?" என்று கத்தினேன்.

"பற்றரி இறங்கீட்டுதெண்டு திரையிலை காட்டினது. வெயிலிலை வைச்சால் கொஞ்சம் உயிர் வரும்தானே?"

சார்ஜர் அடுத்த அறையில்தான் இருந்தது. ஊரில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது டோர்ச் பற்றரிகளைக் கூரை ஓட்டில் காய வைத்துத்தான் எங்கள் இரண்டு வீடுகளிலும் ரேடியோவில் செய்தி கேட்டோம். இவர் அதை மறக்கவில்லை, கை மறக்கவிடவில்லை.

"அது வேற பற்றரியப்பா. இது வெடிச்சால் வீடே பத்தும்!"

ஒன்றில் உறை சுருங்கிக் கிழிந்திருந்தது. இரண்டையும் ஆறவிட்டு, கடை பூட்டுமுன் ஓடிப்போய்ப் பழைய பற்றரி எடுப்பவர்களிடம் கொடுத்தேன். அங்கே புதியது இல்லை. மறுநாள் ஞாயிறு, ஜேர்மனியில் எல்லாக் கடையும் பூட்டு. தெருமுனைச் சுவரில் இருக்கும் சிகரெட் மெஷினுக்கு மட்டும் ஞாயிறு கிடையாது. இவர் அதற்குள் காசு போட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

ஞாயிறு காலை பக்கத்து நகரமான பீலெஃபெல்டில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. ரயிலுக்குப் போகும் வழியில் மெஷினைக் கடக்கும்போது இவர் நடை தளர்ந்தது. கொஞ்சம் நின்றார். பிறகு நடந்தார்.

மேடையில் நேரே மஞ்சள் சதுரத்துக்குள் போய் நின்றார். ஒரு கிழவர் சிகரெட் பெட்டியை நீட்டினார். இவர் தலையாட்டி மறுத்து, பற்றரி இல்லாத மரப்பெட்டியை வெளியே எடுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். வெயில் பெட்டியில் பட்டதும் முதுகைத் திருப்பி, அதை மேற்சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டேன். "வெறும் பெட்டிக்கு ஏனப்பா நிழல்?"

"உம்மடை போர்ட் உள்ளுக்கு இருக்கெல்லோ" என்றார், கோட்டைத் தாண்டாமல்.