வேப்பிலை கட்டி அனுப்பிய கோச்

எனக்குப் பந்தாட வராது. எதிராளி போட்ட சர்வீஸை நான் ஒரு தடவையாவது திருப்பி அடித்தேன் என்று சொல்ல ஊரில் ஒரு சாட்சி கிடையாது. இந்தத் தகுதியோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு பாட்மிண்டன் கிளப்புக்கு மூன்று வருஷம் காரியதரிசியாகவும் கோச்சாகவும் இருந்தேன். எனக்கு ஆதாரம் பழைய புஸ்தகக் கடையில் வாங்கிய ஒரு இங்கிலீஷ் புஸ்தகம். அது டென்னிஸ் புஸ்தகம் என்பது முப்பதாவது பக்கத்தில்தான் தெரிந்தது. அதற்குள் நாலு பேர் என்னைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால், தொடர்ந்து படித்தேன்.

நாங்கள் ஆடியது நம்மூர்ப் பாட்மிண்டன். பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து. வைகாசியில் டவுன் கிளப்போடு மாட்ச், வைகாசியில் தோல்வி. ஒரே ஒரு வருஷம் ஜெயித்துவிட்டால் போதும், அப்புறம் மோட்சத்துக்குக்கூட அவசரமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். அப்போதுதான் பட்டணத்தில் கோச்சுகளுக்கென்றே ஒரு மாதம் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை அனுப்பத் தீர்மானித்தேன். ஆபீஸில் அவருக்கு என் பக்கத்து மேஜை. தினமும் காவிரிப் பாலத்தைச் சேர்ந்தே கடப்போம். நான் பேசுவேன், அவர் நடப்பார்.

சிக்கல் லீவில் வந்தது. எங்கள் ஹெட்கிளார்க்தான் டவுன் கிளப்புக்குப் பிரசிடெண்ட். "உங்களைத் தோற்கடிக்கக் கற்றுக்கொண்டு வர ஒரு மாதம் லீவு வேண்டும்" என்று அவரிடமே எப்படிக் கேட்பது? யோசித்தேன். மாசி மாதம். அம்மை வார்த்திருக்கிறது என்றால் லீவும் கிடைக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கவும் எவனுக்கும் தைரியம் வராது. லெட்டரை நானே எழுதினேன். வாசலில் வேப்பிலை சொருகச் சொல்லி அவர் சம்சாரத்திடம் போனேன்.

"இல்லாத அம்மைக்கு வேப்பிலை கட்டினா, கூப்பிட்டாளேன்னு அவ நெஜமாவே வந்துடுவாளோன்னு பயமா இருக்கு, அண்ணா" என்றாள் அந்த அம்மாள்.

"கிளப்புக்காக, அம்மா" என்றேன்.

வேப்பிலை தொங்கியது. நண்பர் விடியற்கால ரயிலில் பட்டணம் போனார். அந்த மாதம் முழுவதும் அவர் மேஜை வேலையையும் நானே பார்த்தேன். தெருவில் யாராவது விசாரித்தால் "தண்ணி விட இன்னும் நாளாகும்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தார். கறுத்து, இறுகி, தோள் இரண்டு விரல் அகலம் கூடி, முகத்தில் ஒரு தழும்புகூட இல்லாமல். "அம்மைன்னா இப்படி வரணும்" என்று ஆபீஸ் பியூன் ஆச்சரியப்பட்டான்.

ஆட்டக்காரர்களைக் கூட்டி, "இனிமேல் இவர்தான் கோச். இவர் வைத்ததுதான் சட்டம்" என்று அறிவித்தேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். மறுநாளே அவர், "சாயங்காலம் ஆத்துக் காத்து பந்தை இழுத்துண்டு போயிடறது. கார்த்தால அஞ்சரைக்குப் பழகலாம்" என்றார். அஞ்சரைக்கு என்னால் எழுந்திருக்க முடியாது. நான் இல்லாமல் பயிற்சி எப்படி நடக்கும்? சாயங்காலமே என்று முடிவு செய்தேன். பின்வரிசையில் இரண்டு பேரை இடம் மாற்ற வேண்டும் என்றார். ஒருவர் எங்களுக்குத் திடல் கொடுத்தவரின் மாப்பிள்ளை; கூடாது என்றேன். அவர் முழங்காலை மடக்கச் சொன்னால், நான் ஓரத்திலிருந்து, "என் புஸ்தகத்தில் அப்படி இல்லையே, ஓய்" என்று எல்லோர் எதிரிலும் ஞாபகப்படுத்துவேன். பக்கபலமாக இருப்பது என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அதை நன்றி என்று நினைத்தேன்.

பங்குனியில் ஒருநாள் ஹெட்கிளார்க் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் லீவு லெட்டர்.

"உட்காருங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அம்மை கண்டவருக்குக் கை நடுங்காதான்னு அப்பவே நெனச்சேன். நேத்து அவரே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"வேப்பிலை வரைக்கும். தப்பை ஒத்துக்கிட்டவரை என்ன பண்றது? இனிமே எங்க கிளப்புக்குப் பழக்கறேன்னுட்டாரு. நீங்கதான் ஒத்துக்கலை. நாளையிலேருந்து ரிக்கார்டு ரூமுக்குப் போயிடுங்க."

ரிக்கார்டு ரூமில் எனக்குத் துணை கரப்பான் பூச்சிகள். அவை பாதகமில்லை. சாயங்காலந்தான் தாங்கவில்லை. அதே நேரத்துக்கு ஆபீஸ் விடும். அதே பாலம். அவர் ஐம்பதடி முன்னால், திரும்பிப் பார்க்காமல் போவார். நான் வேகமாக நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம். எட்டிப் பிடித்து என்ன கேட்பது? அவருக்காகப் பொய் எழுதினேன், ஒரு மாதம் இரண்டு மேஜை வேலை பார்த்தேன், இல்லாத வியாதிக்கு ஊரெல்லாம் துக்கம் காட்டினேன். இவ்வளவுக்கும் கைம்மாறாக என்னை எதிராளியிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். பாலத்தின் நடுவில் நின்று, அவர் மறையும்வரை தண்ணீரைப் பார்ப்பது போலப் பாவனை செய்வேன். கோடைக் காவிரியில் பார்க்கத் தண்ணீரும் இல்லை.

வைகாசி மாட்சில் டவுன்காரர்கள் எங்களை நேர் செட்டுகளில் துடைத்துப் போட்டார்கள். அவர் ஓரத்தில் நின்று மெதுவாக இரண்டு வார்த்தை சொல்வார். ஐந்து பேரும் ஒரே உடம்பு மாதிரி நகருவார்கள். அவர்களுடைய காரியதரிசி எங்கே என்று தேடினேன். தூரத்தில் யாருக்கோ பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் காப்டனிடம் போய் மனத்தைக் கொட்டினேன். பெரிய சந்நிதியில் வேதபாராயணம் செய்கிற வம்சம், பொய் சொல்லமாட்டார்.

"பாத்தீரா ஓய், துரோகத்தை? நம்மை விட்டுட்டு ஒரு மனுஷன் இப்படிப் போவானா?"

அவர் மட்டையை உறையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"எங்களுக்கும் வருத்தந்தான், ஸ்வாமி" என்றார். "போறதுன்னா தேவரீர்தான் போவேள்னு இருந்தோம்."