டெய்லரின் கறுப்புச் சட்டை

கறுப்புச் சட்டையில் விபூதி பட்டால் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், டெய்லரின் சட்டையில்தான் பார்த்தேன். அப்போது நான் வெள்ளிமலைத் தடத்தில் கண்டக்டர். மலைப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்த டெய்லர் வாரம் ஒருமுறை எங்கள் வண்டியில் வருவார். கடவுள் இல்லை என்பவர்; வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டைதான். டிரைவர் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் விபூதித் தட்டை வேண்டுமென்றே அவர் பக்கம் நீட்டுவேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கறுப்புக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம் கிடையாது. நல்ல நாளில் கறுப்பு உடுத்தினால் அம்மா வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். அதே அம்மா கண்படாமலிருக்கக் குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பாள். கார்த்திகை பிறந்தால் மலைக்கு மாலை போட்டவர்களும் கறுப்பு, சாமியே இல்லை என்கிற டெய்லரும் கறுப்பு. அந்த இரண்டு மாசமும் சனங்கள் அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டு எழுந்து இடம் விடுவார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்களுக்குக் கொண்டாட்டம்.

ஒரு மார்கழியில் மலையிலிருந்து இறங்கும்போது, காய்ச்சலில் துவண்டுபோன குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கச்சிராயபாளையத்தில் மந்திரிக்கிறவரிடம் போவதாகச் சொல்லி அதுவரைக்கும்தான் டிக்கெட் வாங்கினாள். டெய்லரைப் பார்த்ததும், "சாமி, கொழந்தைக்குத் துண்ணூறு வச்சி வுடுங்க சாமி" என்று கெஞ்சினாள். நான் சிரிக்கத் தயாரானேன். டெய்லர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வாம்மா. கொழந்த எழுந்து ஒக்காரட்டும், நானே வச்சி வுடறேன்" என்றார். சாமி சொல்லிவிட்டதால் அவள் கச்சிராயபாளையத்தில் இறங்கவில்லை.

நாலாம் நாள் அவளை வண்டியேற்றிவிட அவரே வந்தார். குழந்தை பன் தின்றுகொண்டிருந்தது. "சாமி, சொன்னீங்களே" என்றாள் அவள். டெய்லர் என்னைப் பார்த்தார். தட்டை நீட்டினேன், இந்தத் தடவை குறும்புக்காக இல்லை. ஒற்றை விரலால் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் பூசினார். பிறகு அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா பாக்கற? குடுத்த வாக்குக்கு வச்சேன். சாமிக்கு இல்ல" என்றார்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் பஸ்ஸில் கறுப்புச் சட்டையோடு யாராவது ஏறினால், மாலை போட்டிருக்கிறாரா என்று எல்லோரும் கழுத்தைப் பார்க்கிறார்கள். நான் சட்டையில் விபூதி துடைத்த இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.