அக்காவுக்காகக் குனிந்த வேன்

அக்காவை நினைத்தால், அவள் முதல்முறையாக அந்த வேனுக்குள் தானாகவே ஏறியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. உச்சி வெயில். அத்தான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். சக்கரங்களுக்கு மேலே இருந்த ரப்பர் பைகளிலிருந்து காற்று வெளியேற, வேன் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கியது. பின்கதவைத் திறந்து பலகையை விரித்தபோது அது ஏறக்குறையத் தரையோடு படிந்து கிடந்தது. அக்கா சக்கர நாற்காலியின் விளிம்புகளைப் பிடித்து இரண்டு தள்ளு தள்ளினாள். உள்ளே போய்விட்டாள். போனவள் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. முதுகைக் காட்டியபடியே, "கதவ மூடுங்க" என்றாள். மூடினோம்.

என் அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நேரான நடை, கஞ்சி போட்ட காட்டன் சேலை, தெருமுனை வரை கேட்கும் குரல். ஞாயிறு ஆராதனையில் யார் சுருதி தப்பினாலும் திரும்பிப் பார்ப்பாள். அதற்குப் பயந்தே பாடகர் குழுவில் பலர் வாயை மட்டும் அசைப்பார்கள். அவளுடைய ஸ்கூட்டரில் ஒரு நாள் காலை ஜிஎஸ்டி சாலையில் லாரி உரசியது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் திரும்பவில்லை. கைகள் மட்டும் முன்பைவிட வலுவாயின. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் போட்டு, யார் துணையும் இல்லாமல் நகர்ந்துகொள்ளப் பழகினாள். முடிச்சூரில் அவர்கள் வீட்டுக்குள் எல்லாம் அவளுக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. வாசலைத் தாண்டினால்தான் பிரச்சினை. ஆட்டோ உயரம், கார் உயரம், படி உயரம். எங்கே போனாலும் யாராவது தூக்க வேண்டும்.

பல்லாவரத்தில் ஒரு உறவினர் கல்யாணம். மண்டபம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நான்கு பேர், நல்ல மனசோடுதான், நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். பாதிப் படியில் யாரோ "ஏய், தூக்கு தூக்கு!" என்று உற்சாகமாகக் கத்த, கீழே நின்றவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். அக்காவின் சேலை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கீழே விழாமல் இருக்க இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தாள்; இழுத்துவிடக் கை இல்லை. காலோடு கட்டியிருந்த சிறுநீர்ப் பை எல்லோர் கண்ணிலும் பட்டது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடுவதற்குள் மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிரியாணி சாப்பிட்டாள். மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அத்தானிடம் சொன்னாள்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. நீங்களும்தான். தூக்கித்தான் ஒரு எடத்துக்கு வரணும்னா, நான் அங்க வரல." அத்தான் ஏதோ சொல்ல வந்தார். "நான் மூட்டை இல்லங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. பள்ளிக்குப் போவதை விட்டாள். தேவாலயத்துக்கும் போகவில்லை, ஆயர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். நான் சிறுசேரியில் வேலை முடித்து, வார இறுதியில் போகும்போதெல்லாம் அவள் குரல் ஒரு படி இறங்கியிருந்தது போல எனக்குப் படும்.

அத்தானுக்கு வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது. பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கர். ஸ்கூட்டர் பஞ்சரானால்கூடத் தள்ளிக்கொண்டு போகிறவர். ஒரு மாலை தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தாழ்தளப் பேருந்து ஒன்று வந்து நின்று, கைத்தடியோடு நின்ற ஒரு பெரியவருக்காகப் பக்கவாட்டில் சாய்ந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார். பெரியவர் ஏறியதும் பஸ் நிமிர்ந்து புறப்பட்டுப் போனது. அத்தான் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொன்று வரும்வரை காத்திருந்து அதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்குத்தான் போன் செய்தார். "பஸ் குனியுதும்மா. அவ்ளோ பெரிய பஸ்ஸு. ஒரு வேன் குனியாதா?"

பழைய வேன் ஒன்றை வாங்கினார். சனிக்கிழமைகளில் திருமுடிவாக்கத்தில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். பெரும்பாலானவர்கள் சிரித்து அனுப்பினார்கள். கடைசியில் பட்டறைக்காரர் ஒருவர், ஒரு பாய், உட்கார வைத்துக் கேட்டார். "சார், இது பசங்க காரைத் தரையோட தேச்சுக்கினு ஓட்றதுக்குப் போட்ற ஐட்டம். உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு?" அத்தான் அக்காவைப் பற்றிச் சொன்னார். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வூட்டம்மாவ ஒருநா இட்டுக்கினு வாங்க. நாற்காலியோட அளவு எடுக்கணும்" என்றார்.

"நான் வரணும்னா தூக்கணுமே" என்றாள் அக்கா. அதனால் பாய்தான் முடிச்சூருக்கு வந்தார், அளவு நாடாவோடு. இரும்பு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு ரப்பர் காற்றுப் பைகள். அவற்றில் காற்றை நிரப்ப அடியில் ஒரு சின்ன கம்ப்ரசர். ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். வேலை முடிந்த அன்று வேனையே முடிச்சூருக்குக் கொண்டுவருவதாகப் பாய் சொன்னார். அக்கா ஒப்பவில்லை; "நானே அங்க வந்து ஏறிப் பாக்கறேன்" என்றாள். விடிகாலையில் கிளம்பி, அவளே, நாற்காலியைக் கையால் உருட்டிக்கொண்டு, அவ்வளவு தூரமும் போனாள். நானும் அத்தானும் இரண்டு பக்கமும் நடந்தோம். வழியெல்லாம் அத்தானைத் திட்டிக்கொண்டே வந்தாள். திரும்பி வரும்போது வேனில் வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். பள்ளிக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் ரோஜாச் செடி பேரம் பேசினாள். ஒரு ஞாயிறு, காற்றுப் பை ஒன்று கசிந்து, தேவாலய வாசலில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அத்தான் பதறிப்போய்ப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்த, வேன் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடியது. உள்ளே உட்கார்ந்து அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போதும்ங்க, எனக்குத் தல சுத்துது!" அவள் அப்படிச் சிரித்து நான் வெகுகாலம் பார்த்திருக்கவில்லை.

ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி, முன்பும் வந்து போனதுதான். மாத்திரை சாப்பிட்டாள். இந்தத் தடவை காய்ச்சல் இறங்கவில்லை. நான் முந்தின நாளே வந்து தங்கியிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை. அடையாற்றுத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. போர்டிகோவிலும் ஏறத் தொடங்கியிருந்தது. அக்காவின் உதடு வெளிறி, கை குளிர்ந்து நடுங்கியது. பேச்சு குழறியது. போனில் டாக்டர், "ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்காதீங்க, எப்படியாவது உடனே கொண்டுவாங்க" என்றார்.

அத்தான் வேனை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினார். அந்த உயரத்தில்தான் அது தெருத் தண்ணீரைத் தாண்டும். ஆனால் அந்த உயரத்தில் பின்பலகை ஏணி போலச் செங்குத்தாக நின்றது. அவளை ஏற்றுவதற்காகக் கீழே இறக்கினால் கம்ப்ரசர் தண்ணீரில் மூழ்கும். பிறகு வேன் எழும்பாது. அத்தான் அதைச் சொல்லவில்லை. நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினார். சக்கரம் ஈரப் பலகையில் வழுக்கித் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். நானும் சேர்ந்து தள்ளினேன். அக்கா விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள்; விரல்கள் மடங்கவில்லை. மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டிருந்தோம். அத்தான் விடாமல், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அழுவது எனக்குத் தெரிந்தது. அவர் கை அவளை நோக்கிப் போகவேயில்லை.

அக்காதான் சொன்னாள். "விடுங்க. தூக்குங்க."

அத்தான் அசையவில்லை.

"நான்தான சொல்றேன். தூக்குங்க."

அவர் குனிந்து ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்தார். அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சேலைய இழுத்து வுடு டி" என்றாள் என்னிடம். நான் சேலை விளிம்பை அவள் பாதங்களோடு சேர்த்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அப்படியே வேனுக்குள் ஏற்றினோம். தெருவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விலகி வீட்டுச் சுவர்களில் அடித்தது. வேன் நிற்கவில்லை. பாயின் வேலை எங்களைக் கைவிடவில்லை. குரோம்பேட்டை மருத்துவமனை வாசலை உரிய நேரத்தில்தான் அடைந்தோம் என்று நினைத்தோம். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க ஆறு பேர் வந்து நின்றார்கள். முன்வரிசையில் ஓர் இடம் அத்தானுக்காக விட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றார். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்கும் கொஞ்சம் கோபம்தான். கேட்கவில்லை.

போன மாதம் அந்த வேனை, மாடம்பாக்கத்தில் மகள் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். எடுத்துப் போக வந்தபோது அந்தப் பெண் தானே உருண்டு உள்ளே ஏறினாள். அத்தான் வேன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலேயே பேசினார்.

"அன்னிக்கு மழையில அவளத் தூக்கினேன்ல. அத்தனை வருஷத்துக்கு அப்புறம். கனமே இல்லம்மா. காய்ச்சல்ல அப்படியே எளைச்சுப் போயிருந்தா. எனக்குத் தெரியவே இல்ல." போர்டிகோவின் ஈரத் தரையைப் பார்த்தார். "பெட்டி கனமா இருக்கும். கடைசியா அவ எவ்ளோ கனம்னு என் கைக்குத் தெரியும். அது மறந்துடும்னுதான் அன்னிக்கு நான் பெட்டியத் தொடல."

இதைச் சொல்லும்போது அவர் கைகள் இரண்டும் வயிற்றுக்கு நேரே, உள்ளங்கை மேலாக, கொஞ்சம் விரிந்திருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவற்றை வெகுநேரம் கீழே இறக்கவில்லை.