இரண்டாவது சாட்சி

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "ரமலான் 29. மாலை 6.41. மேற்கே பிறை. மெல்லிய கீற்று. பார்த்தேன்."

எழுதியபோது எனக்குச் சந்தேகமில்லை. காரைக்காலில் கடல் கிழக்கே. பிறை பார்க்க ஊர்ப்பக்கம்தான் திரும்ப வேண்டும். மச்சானும் நானும் மொட்டை மாடியில் நின்றோம். தென்னைகளுக்கு மேல் மேகம் ஒரு கணம் விலகி மூடியது. நான் பார்த்தேன். மச்சான் பார்க்கவில்லை.

"கண்ணுல ஆப்பரேஷன் பண்ணினது ஒங்களுக்கு, தெரியாதது எனக்கு" என்றார். "போய்ச் சொல்லுங்க மச்சான். நாளைக்கிப் பெருநாள் கறிக்குச் சொல்லியாச்சு."

29 மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், இல்லையென்றால் முப்பதாவது நோன்பு; பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். பள்ளிவாசலில், பக்கத்துத் திருவேட்டக்குடியிலிருந்து வந்த ஒருவர் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். வேறெங்கிருந்தும் தகவல் இல்லை. நான் தவறாகச் சொன்னால் ஊர் ஜமாஅத் முழுவதும் ஒரு நோன்பை விட்டுவிடும். பார்த்ததை மறைத்தால், நோன்பே கூடாத பெருநாளில் எல்லோரையும் பட்டினி போட்டவனாவேன்.

"முனை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்.

"ரெண்டும் மேல பாத்து. தோணி மாதிரி. சோத்துக்கைப் பக்கம் லேசா சாஞ்சு."

"எவ்வளவு நேரம் தெரிஞ்சுச்சு?"

"ஒரு கணந்தான்."

"அதுக்குள்ள இவ்வளவும் பாத்தீங்களா?"

அன்று பிற்பகலே கணக்குப் போட்டு, பிறை எங்கே, எப்படித் தெரியும் என்று படம் வரைந்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது அந்தப் படம். வானத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன்; பென்சில் கோடுதான் வந்தது. ஒன்றும் தெரியாமல் பார்த்த மச்சானுக்கு வெறும் வானம். தெரிந்துகொண்டு பார்த்த எனக்குப் பிறை. இதில் எது பார்வை?

"அல்லாஹ் மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேன் ஹஜ்ரத்."

திருவேட்டக்குடிக்காரர் என் பக்கம் திரும்பினார். "நான் படிக்காதவன். அது அங்கன இருக்கும்னே எனக்குத் தெரியாது. கண்ணுல பட்டுச்சு, வந்தேன்."

"ஒரு சாட்சி போதாது" என்றார் ஹஜ்ரத். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: நாளையும் நோன்பு.

"ஒங்க கண்ண நீங்களே நம்பல" என்றார் மச்சான். "இனிமே மணி கேட்டாக்கூட ஒங்கள நம்பமாட்டேன்."

மறுநாள் எல்லோரும் நோன்பிருந்தோம். பிறையைத் தன் கண்ணால் கண்டவர், ஊர் ஏற்காவிட்டாலும், தனியே நோன்பை விட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவான மத்ஹபின் விதி. அந்த மனிதர் விட்டாரா, எங்கள் ஊர் முடிவுக்காகத் தன் கண்ணை மறுத்து நோன்பு வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டு இன்னும் சரிபார்க்கவில்லை.