ஜெயக்கொடியின் முறை

தோழிகள் எடுக்கும் பேட்டியில் யாராவது அழுதுவிட்டால், ரெக்கார்டரை நிறுத்தப் போகிற கையை லபக்கென்று பிடித்துக்கொள்வாள் ஜெயக்கொடி. “அழுகையும் பேச்சுதான்டி. ஓடட்டும்.”

திருமங்கலத்துப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. நாற்பதைத் தாண்டிப் பிஎச்.டி.யில் சேர்ந்தவள். விஷம் குடித்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட வீட்டார் என்ன பாடு பட்டார்கள் என்பதுதான் ஆய்வு. கணக்கும் அட்டவணையும் இதற்கு உதவாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். அதைச் சொல்லித்தர ஆளில்லாததால் அவளும், உடன் படிக்கும் பாண்டீஸ்வரியும் வித்யாஸ்ரீயும் ஞாயிறுதோறும் அவனியாபுரத்தில் பாண்டீஸ்வரி வீட்டு மாடியில் கூடி, ஒருத்தி எடுத்த பேட்டியை மற்றவர்கள் கேட்டுக் கிழிக்கிறார்கள். கிழிப்பதில் ஜெயக்கொடியை அடித்துக்கொள்ள முடியாது. யாரோ ‘அம்புட்டுத்தேன்’ என்றதை ‘அவ்வளவுதான்’ என்று டைப் செய்துவந்த வித்யாஸ்ரீ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். டீக்குச் சர்க்கரை போட மறப்பாள் ஜெயக்கொடி. பேட்டியில் கேட்ட பெருமூச்சை எழுத மறக்கமாட்டாள்.

மூவருக்குள் ஒரு கட்டாயம் உண்டு. பேட்டிக்குப் போகுமுன், தான் கேட்கப்போகும் கேள்விகளுக்குத் தானே மற்ற இருவர் முன் பதில் சொல்லியாக வேண்டும். தன் கதை அடுத்தவர் கதையில் கலந்துவிடக் கூடாதே! இதைக் கொண்டுவந்தவளே ஜெயக்கொடிதான். தன் முறை வந்ததும் தலைவலி, பஸ் வரவில்லை, மகளுக்குப் பரீட்சை. சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

போன ஞாயிறு பாண்டீஸ்வரி விடவில்லை. மறுநாள் கொட்டாம்பட்டியில் ஒரு அம்மாவிடம் ஜெயக்கொடி எடுக்கவேண்டிய முதல் பேட்டி.

“இன்னைக்கு உக்காரலைன்னா, நாளைக்கு அந்தம்மா வாயில உங்க தம்பியத்தான் தேடுவீங்கக்கா.”

தம்பி நல்லகாமன் களைக்கொல்லி குடித்துச் செத்தவன். வீட்டில் நர்ஸ் இருக்கிறாள், பிழைக்கவைத்துவிடுவாள் என்று சனமெல்லாம் நம்பியது. பாவி, அவனும் நம்பினான்.

ஜெயக்கொடி உட்கார்ந்தாள். அவளே எழுதிவைத்த கேள்வியைப் பாண்டீஸ்வரி அவளிடம் கேட்டாள்: கடைசியில் அவர் உங்களிடம் என்ன கேட்டார்?

“மூச்சு முட்டுது, ஆக்சிஜன் வையிக்கான்னான். அந்தக் களை மருந்துக்கு எடுத்த எடுப்புல அத வைக்கக் கூடாது. வச்சா நுரையீரல் இன்னும் வெரசா கெட்டுப்போகும். டாக்டரும் இப்ப வேணாம்னுட்டாரு. எனக்கும் தெரியும்.” பேச்சை நிறுத்தினாள். மற்ற இருவரும் ரெக்கார்டரை ஓடவிட்டார்கள். அவள் பழக்கியது அப்படி. “கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டு, வெளிய போயி கதவுகிட்ட நின்னேன். உள்ள அவன் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தான்.”

குரல் உடைந்தது. ரெக்கார்டரை நிறுத்தப் போனது அவள் கையேதான். பாண்டீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடி உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிறகு, பிடித்த அந்தக் கையையே இறுகப் பற்றிக்கொண்டாள்.